ரவுண்டானாவில் கால் நீட்டியவள்

பெரிய சிலை செய்கிற தொழிலில் ஒரு பெரிய வசதி என்னவென்றால், செய்ததை ஒளித்து வைக்கவே முடியாது. குழம்பு கெட்டுப்போனால் மூடி வைக்கலாம். ரவிக்கை சரியாக வரவில்லையென்றால் பிரித்துத் தைக்கலாம். மாடி வீட்டு உயரத்துக்கு ஒரு பொம்பளையைச் செய்து நாலு ரோடு சேருகிற இடத்தில் உட்கார வைத்துவிட்டால், அப்புறம் அந்தப் பக்கம் போகிற பஸ், லாரி, பால் வண்டி எல்லாமே நமக்குப் பரீட்சைப் பேப்பர் திருத்துகிற வாத்தியார்கள்தான்.

நீங்களும் ஊர் வாயில் விழுந்து எழுந்தவராகத்தான் இருப்பீர்கள். வீடு கட்டியிருப்பீர்கள், கிரகப்பிரவேசத்துக்கு வந்தவர், "படிக்கட்ட அக்கட்ட வெச்சிருக்கலாமுங்க" என்று சொல்லிவிட்டு இரண்டாம் தடவை பாயசம் வாங்கிக் குடித்திருப்பார். கல்யாணம் நடத்தியிருப்பீர்கள், ரசத்தில் உப்பு கம்மி என்று ஊர் முழுக்கச் சொல்லியிருப்பார்கள். அப்படியென்றால் நாம் ஒரே சாதி. என் கதையைக் கேளுங்கள்.

என் பெயர் பிலோமினா. துடியலூரில், மேட்டுப்பாளையம் ரோட்டிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி என் பட்டறை. கம்பியில் கூடு கட்டி, அதன் மேல் இரும்புத் தகட்டை வெட்டி, வளைத்து, பற்றவைத்துச் சிலை செய்கிறேன். பற்றவைப்பவர் கனகராஜ் அண்ணன். நான் பட்டறை போட்ட நாளிலிருந்து கூட இருக்கிறார். அவர் வாயும் வெல்டிங் மாதிரிதான், நேராகப் பார்த்தால் கண் கூசும்.

எத்தனை படி போடலாம்?

என் முதல் பெரிய படைப்பு ஒரு வெட் கிரைண்டர். சிரிக்காதீர்கள். கோயமுத்தூரில் ஒரு கிரைண்டர் கடைக்காரர் தன் கடை மொட்டை மாடியில் வைப்பதற்காக, ஊரே திரும்பிப் பார்க்கிற அளவுக்கு ஒரு கிரைண்டர் கேட்டார். "அம்மணி, அது கொஞ்சம் சிரிச்ச மொகமா இருக்கோணும்" என்றார். கிரைண்டருக்கு முகம் ஏதுங்க என்று கேட்டேன். "அதுக்குத்தானுங்க உங்களக் கூப்பிட்டது" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். காலேஜில் ஐந்து வருஷம் சிற்பம் படித்தவளுக்கு வந்த சோதனையைப் பாருங்கள்!

விடுவேனா? பாத்திரத்தை லேசாக ஒரு பக்கம் சாய்த்தேன், கைப்பிடியைக் கொஞ்சம் தூக்கினேன். தலையைச் சாய்த்து வாங்க வாங்க என்று கூப்பிடுகிற மாதிரியே வந்துவிட்டது. மாடியில் ஏற்றிய அன்று கீழே நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். பெருமை என்றால் அப்படி ஒரு பெருமை. பக்கத்தில் கறிகாய்ப் பையோடு ஒரு அம்மாவும் நெம்ப நேரமாக அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். அந்தச் சிரிப்பைப் பற்றித்தான் சொல்லப்போகிறார் என்று காத்திருந்தேன். கேட்டார்: "ஏனுங் அம்மணி, இதுல ஒருவாட்டிக்கு எத்தன படி அரிசி போடலாமுங்க?"

மீசைப் பஞ்சாயத்து

அடுத்தது ஈரோட்டில். ஒரு மஞ்சள் வியாபாரி பள்ளிக்கூடத்துக்கு இடம் கொடுத்துவிட்டுக் காலமாகியிருந்தார். பள்ளிக்கூட வாசலில் அவருக்குச் சிலை. மூத்த மகன் ஒரு போட்டோ கொண்டுவந்தார், அதில் முறுக்கிய மீசை. இளைய மகன் கொண்டுவந்ததில் அரும்பு மீசை. மருமகன் கொண்டுவந்த போட்டோவில் மீசையே இல்லை. பழனியில் மொட்டை போட்டபோது எடுத்ததாம். மூன்று பேரும் என் பட்டறையில் நின்று போட்ட சண்டையில் கனகராஜ் அண்ணன் வெல்டிங்கை நிறுத்திவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்.

போட்டோவை எல்லாம் ஓரமாக வைத்துவிட்டு, மீசையை நானே முடிவு செய்தேன். முகத்தில் லேசாகப் புன்னகை வைத்தேன். அதற்கும் மகன்கள் விடவில்லை. அப்பா சிரிக்கவே மாட்டார், இது எங்கப்பா இல்லை என்றார்கள். வேலையே கைவிட்டுப் போகும் போலிருந்தது. அப்போதுதான் அவருடைய சம்சாரத்தைக் காரில் கூட்டிவந்து இறக்கினார்கள். அந்தம்மா சிலையைச் சுற்றி வந்தார். முந்தானையால் கண்ணைத் துடைத்தார். என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "என்னப் பார்த்து ஒருநாளும் இப்படிச் சிரிச்சதில்லீங்க அம்மணி. இனியாச்சும் சிரிச்சுட்டு இருக்கட்டும், இப்படியே உட்டுருங்க."

கால் உடைந்த அம்மா

அடுத்தவர் கிரைண்டர், அடுத்தவர் அப்பா என்று செய்துகொண்டிருந்த எனக்கு, நான் நினைத்ததை நான் செய்ய வேண்டும் என்று உள்ளுக்குள் ஒரு தீ. அதற்கு வழி சரவணம்பட்டிப் பக்கம் திறந்தது. அங்கே நாலு ரோடு சேருகிற ஒரு ரவுண்டானாவை அழகுபடுத்த வியாபாரிகள் ஒரு கமிட்டி போட்டிருந்தார்கள். தலைவர் நாச்சிமுத்து ஐயா. பம்பு உதிரிப் பாகம் செய்கிறவர். அவர் வெள்ளைச் சட்டையில் ஒரு மடிப்புக் கலைந்து யாரும் பார்த்ததில்லை. "வளர்ச்சியக் காட்டற மாதிரி ஒண்ணு செஞ்சுபோடுங்க" என்றார். மற்றவர்கள் ராக்கெட், பல்சக்கரம், மடிக்கணினி மேல் நிற்கிற குழந்தை என்று ஆளுக்கொன்று சொன்னார்கள்.

என் மனதில் இருந்தது வேறு. கனகராஜ் அண்ணனின் மனைவி செல்வி அக்கா அந்தப் பக்கம் ஒரு ஐ.டி. கம்பெனியில் கூட்டித் துடைக்கிற வேலையில் இருக்கிறார். மத்தியானம் ஷிப்ட் முடிந்து பஸ்ஸுக்கு நிற்கும்போது அவரும் கூட்டாளிகளும் ரோட்டோரத் திட்டில் உட்கார்ந்து, இரண்டு காலையும் 'அப்பாடா' என்று நீட்டி, முழங்காலைப் பிடித்துவிட்டுக்கொள்வார்கள். பின்னால் வானத்தைத் தொடுகிற கண்ணாடிக் கட்டடம், முன்னால் அந்தக் கால்கள். இதைவிட வளர்ச்சியைக் காட்ட வேறு என்ன வேண்டும்? களிமண்ணில் அப்படி ஒருத்தியைச் செய்தேன். அட்டைப் பெட்டியில் வைத்து ஸ்கூட்டரில் கிளம்பினேன். வெள்ளக்கிணறு தாண்டி ஒரு வேகத்தடையில் வண்டி தூக்கிப் போட்டது. கமிட்டி மேசையில் வைத்துப் பெட்டியைத் திறந்தால், அம்மாவுக்கு இரண்டு காலும் பொடிப்பொடி!

என்ன செய்ய? இடுப்பு வரைக்கும் இருந்ததை எடுத்து வைத்தேன். முகம் நன்றாக வந்திருந்தது. "நல்ல லச்சணமா உக்காந்திருக்காங்க" என்றார் நாச்சிமுத்து ஐயா. நான் ஒளிக்கவில்லை, இது சத்தியம். "ஐயா, காலு ஒடைஞ்சுபோச்சுங்க. காலு முன்னாடி நீளமா வருமுங்க" என்று எல்லோர் காதிலும் விழச் சொன்னேன். அவர்கள் எல்லோரும் மனதுக்குள் அவளுக்குச் சம்மணம் போட்டுவிட்டார்கள் என்று எனக்கு எப்படித் தெரியும்? ஐயா சிரித்துக்கொண்டே சொன்னார்: "காலு இல்லாம எப்படிங்க வரும்? நல்லாத் தாராளமா வெச்சுபோடுங்க அம்மணி!"

சும்மா உட்கார ஆள் தேவை

பெரிய அளவில் செய்யும்போது உடம்பு எங்கே சாய்கிறது, பாரம் எங்கே விழுகிறது என்று நேரில் பார்த்தால்தான் தெரியும். செல்வி அக்காவையே ஒரு ஞாயிற்றுக்கிழமை பட்டறைக்கு வரச்சொன்னேன். நான் மாதா கோயில் பூசைக்குப் போய்விட்டு வந்து, பாய் விரித்து, "அக்கா, வேலை முடிஞ்சு உக்கார்ற மாதிரி சும்மா உக்காருங்க" என்றேன். உட்கார்ந்தார். நான் பென்சிலை எடுப்பதற்குள் எழுந்துபோய்த் தகட்டுத் துண்டுகளை ஓரமாகக் கூட்டினார். மறுபடியும் உட்கார வைத்தேன். பைக்குள்ளிருந்து அவரைக்காயை எடுத்து நார் உரிக்க ஆரம்பித்தார். பிடுங்கி வைத்தேன். அண்ணனின் சட்டையில் பொத்தான் தொங்குகிறது என்று ஊசி தேடினார்.

"அடியே, ஒருநாளாச்சும் சும்மா இருடி, உனக்குச் சிலை வெக்கறாங்கடி!" என்று அண்ணன் கத்தினார். செல்வி அக்காவுக்கு நிஜமாகவே கஷ்டமாகிவிட்டது. கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் மடியில் வைத்தார், தரையில் வைத்தார், கடைசியில் முழங்காலில் வைத்தார். அதுதான் எனக்கு வேண்டியிருந்த கை. ஆனால் முகத்தில் அவ்வளவு கூச்சம். என்னைக் கெஞ்சிக் கேட்டார்: "சும்மா உக்காந்து பழக்கமில்லீங்க அம்மணி. வேணும்னா ஏதாச்சும் வேலை செஞ்சுட்டே சும்மா உக்காரட்டுங்களா?"

எந்தப் பக்கம் நீட்ட?

சிலை முடிந்து துடியலூரிலிருந்து லாரியில் கிளம்பியது. கால் லாரிக்கு வெளியே நீண்டதால், கம்பி லாரிக்குக் கட்டுகிற மாதிரி இரண்டு பாதத்திலும் சிவப்புத் துணி கட்டிவிட்டார் கனகராஜ் அண்ணன். ரவுண்டானாவில் கிரேன் தயாராக நின்றது. சிலை மேலே எழும்பியதும்தான் நாச்சிமுத்து ஐயா காலைப் பார்த்தார். "ஏனுங் அம்மணி, இதென்னுங்க?" என்றார். "காலுங்க. நீங்கதான் தாராளமா வெக்கச் சொன்னீங்க" என்றேன். ஐயாவின் முகம் போன போக்கைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

அப்போதுதான் நான் யோசிக்காத ஒரு விஷயம் எனக்கே உறைத்தது. நம் ஊரில் யாரைப் பார்த்தும் காலை நீட்டக் கூடாது. ரவுண்டானாவோ நாலு பக்கமும் திறந்து கிடக்கிறது. கிழக்கே நீட்டினால் பிள்ளையார் கோயில். வடக்கே காலேஜ். மேற்கே எங்கள் மாதா கோயில். தெற்கே கல்யாண மண்டபம். பூசாரி வந்து பார்த்து, "பிள்ளையாரு ஒண்ணும் நெனைக்க மாட்டாருங்க, பாக்கறவங்கதான் நெனைப்பாங்க" என்றார். காலேஜ் பிரின்சிபால், பையன்கள் தினமும் காலில் விழித்தால் படிப்பு ஏறாது என்றார். பங்குச் சாமியார் மட்டும் கொஞ்சம் யோசித்தார். "எங்க பக்கம் நீட்டறதுல எனக்கு ஆட்சேபணை இல்லம்மா. ஆனா பெரிய வியாழன் அன்னைக்கு பாதம் கழுவற சடங்குக்கு இம்மாம் பெரிய காலக் கழுவ என்னால ஆகாது" என்றார்.

மிச்சம் மண்டபம். அதன் உரிமையாளர் மரகதம் அம்மா மகளின் பிரசவத்துக்கு அமெரிக்கா போயிருந்தார். ஆட்சேபணை சொல்ல ஆள் ஊரில் இல்லை என்பதாலேயே அந்தப் பக்கம் என்று கமிட்டி முடிவு செய்தது. அதற்குள் அவர்கள் பேசிய பேச்சில் வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. கிரேன்காரர் மேலிருந்து குரல் கொடுத்தார்: "சட்டுனு ஒரு பக்கம் சொல்லுங்க சாமிகளா, அந்தம்மா எத்தன நேரந்தான் அந்தரத்துல உக்காந்திருப்பாங்க?"

வீட்டுக்குள்ளே ஒரு சட்டம்

திறப்பு விழாவுக்கு நாள் குறித்து ஊரெல்லாம் சொல்லிவிட்டதால் நிறுத்த முடியவில்லை. காலை மட்டும் சாமந்திப் பூவைக் கொட்டி மூடிவிட்டார்கள். எல்லோரும் முகத்தைப் பார்த்துக் கைதட்டினார்கள். பூ வாடியது, கால் வெளியே வந்தது, கமிட்டியும் கூடியது. சித்திரை முடிவதற்குள் காலை மடக்க வேண்டும், இல்லாவிட்டால் சிலையைக் கழற்றிவிட வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். இரும்புக் காலை மடக்குவது என்றால் இடுப்போடு அறுத்து எடுப்பது என்று அர்த்தம். அறுத்தால் அவள் என் சிலை இல்லை.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. என் மனதுக்குப் பிடித்த மாதிரி, என் பெயர் போட்டு நான் செய்த ஒரே சிலை. ஈரோட்டில் மஞ்சள் மண்டிக்காரர்கள் தங்கள் மார்க்கெட் வாசலுக்கு ஒரு சிலை கேட்டு, உங்கள் இஷ்டம் போலச் செய்யுங்கள் என்று பேசியிருந்தார்கள். சேதி அவர்கள் வரைக்கும் போய்விட்டது. "சரவணம்பட்டில வெச்சது நிக்குமுங்களா அம்மணி? அது நின்னுதுன்னா நம்மளுதப் பேசலாமுங்க" என்று போனில் சொன்னார்கள். இது போனால் ஆயுசுக்கும் கிரைண்டர்தான். புரிகிறதா என் நிலைமை?

நேராக நாச்சிமுத்து ஐயாவின் கம்பெனிக்கே போனேன். நல்ல மனுஷன், மோர் கொடுத்துத்தான் பேசினார். "கோயமுத்தூருன்னா ஒழைப்புங்க. வெளியூர்ல இருந்து ஐ.டி.க்கு வர்றவங்க எல்லாம் மொத மொதல்ல பாக்கறது ஒரு பொம்பள வேலைவெட்டி இல்லாம காலை நீட்டிட்டு உக்காந்திருக்கறதையா?" என்றார். "வேலைவெட்டி இல்லாம இல்லீங்கய்யா, வேலையை முடிச்சுபோட்டு உக்காந்திருக்கா" என்றேன். "அது உங்குளுக்குத் தெரியும், பஸ்ஸுல போறவனுக்குத் தெரியுமா?" என்றார். எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. "ஏனுங்கய்யா, உங்க ஊட்டு அம்மா ஒருநாளும் காலை நீட்டினதே இல்லீங்களா?" என்று கேட்டேவிட்டேன். ஐயா கோபப்படவில்லை. டம்ளரை மேசையில் வைத்துவிட்டு நிதானமாகச் சொன்னார்: "நீட்டுவாங்க அம்மணி. ஊட்டுக்குள்ள நீட்டுவாங்க, ரவுண்டானால நீட்ட மாட்டாங்க."

டிக்கெட் துடியலூர்

சித்திரை பாதி ஓடிவிட்டது. கழற்றுவதற்கு முன்னால் போகவர அவளைப் பார்த்துக்கொள்ளலாம் என்று ஸ்கூட்டரை விட்டுவிட்டு பஸ்ஸில் போக ஆரம்பித்தேன். ஜன்னல் ஓரம் உட்கார்ந்து பார்ப்பேன். சிலையின் கணுக்கால் நிழலில் செல்வி அக்காவும் கூட்டாளிகளும் உட்கார்ந்திருப்பார்கள். காலேஜ் பெண்கள் அவள் பக்கத்தில் அதே மாதிரி காலை நீட்டி போட்டோ எடுத்துக்கொள்வார்கள். சாப்பாடு கொண்டுபோகிற டெலிவரிக்காரர் ஒருவர் அவள் பாதத்தில் முதுகைச் சாய்த்துக்கொண்டு போனில் வழி சொல்லிக்கொண்டிருப்பார். இவர்களில் யாரும் கமிட்டியில் இல்லையே என்று வயிறு எரியும்.

ஒரு நாள் திரும்பும்போது துடியலூருக்கு டிக்கெட் எடுத்துக்கொண்டு அரைத் தூக்கத்தில் இருந்தேன். பஸ் நின்றது. கண்டக்டர் கம்பியைத் தட்டிக் கூவினார்: "காலுநீட்டியம்மா ஸ்டாப்பு! காலுநீட்டியம்மா எல்லாம் எறங்கு!" நான் தூக்கிவாரிப் போட்டு எழுந்தேன். ஒரு ஆள் கூட 'அது எங்கே' என்று கேட்கவில்லை. பாதி பஸ் அமைதியாக இறங்கியது. கிழவர் ஒருவர் பேரனிடம், "காலுநீட்டியம்மா வந்துபோச்சு, பையத் தூக்கு" என்றார். நான் பெயரே வைக்காமல் விட்ட சிலைக்கு ஊர் பெயர் வைத்துவிட்டது! அதுவும் 'அம்மா' போட்டு! கூட்டத்தோடு கூட்டமாக நானும் இறங்கி, ரோட்டில் நின்று பைத்தியம் மாதிரி சிரித்தேன், அழுதேன். கண்டக்டர் படிக்கட்டில் தொங்கிக்கொண்டு கேட்டார்: "ஏனுங் மேடம், துடியலூருக்கு எடுத்துபோட்டு இங்க எறங்கீட்டு என்னுங்க பண்றீங்க?"

எதிரில் என்றால் எதிரில்

கழற்றுகிற நாள் நெருங்கியபோது பட்டறை வாசலில் ஒரு கார் வந்து நின்றது. மரகதம் அம்மா. அமெரிக்காவிலிருந்து திரும்பியவர், மண்டபத்துக்குப் போன கையோடு நேரே இங்கேதான் வந்திருந்தார், கையில் கனமான ஒரு மஞ்சள் பை. கனகராஜ் அண்ணன் மெதுவாகத் தகட்டுக்குப் பின்னால் ஒதுங்கிவிட்டார். "என்ற மண்டபத்தப் பார்த்துக் காலை நீட்டி ஒரு பொம்பளைய உக்கார வெச்சது நீங்கதானுங்களா?" என்றார். தொலைந்தோம் என்று நினைத்துக்கொண்டு, ஆமாங்க என்றேன். "அத எவனோ கழட்டப்போறானாமே, எவன் அவன்?" என்றார்.

பையிலிருந்து கல்யாணப் பத்திரிகைகளை எடுத்து என் மேசை முழுக்கப் பரப்பினார். வைகாசியில் அந்த மண்டபத்தில் நடக்கப்போகிற கல்யாணங்கள் அத்தனையும். அதே பெயரில் கோயமுத்தூரில் இன்னும் சில மண்டபங்கள் இருப்பதால், விருந்தாளிகள் வழி தெரியாமல் வேறெங்கோ போய் மொய் எழுதிவிடுவது வழக்கமாம். அதனால் மண்டபத்து மேனேஜர் கேட்டவர்களுக்கெல்லாம் ஒரு அடையாளம் சொல்லியிருக்கிறார். எல்லாப் பத்திரிகையிலும் மண்டபத்தின் பெயருக்குக் கீழே தங்க எழுத்தில் அச்சாகியிருந்தது: காலுநீட்டியம்மா சிலை எதிரில். "அம்மா, கால் உங்க மண்டபத்தப் பார்த்து..." என்று இழுத்தேன். "அதுக்கென்ன? பந்தி முடிஞ்சு பாத்திரம் ஒதுங்கினப்பறம் எல்லாப் பொம்பளைங்களும் உக்கார்ற ஒக்காரல்தான அது? அது என்ற மண்டபத்து முன்னால இல்லாம வேற எங்க இருக்கோணும்?" என்றார். போய்க் கட்டிப்பிடித்துக்கொண்டேன்.

அன்று சாயங்காலமே கமிட்டி மேசையில் அந்தப் பத்திரிகைகள் பரவின. நாச்சிமுத்து ஐயா அசரவில்லை. "அந்த வரி மேல ஒரு ஸ்டிக்கர் ஒட்டிக்கச் சொல்லலாமுங்க" என்றார். மரகதம் அம்மா பையின் அடியிலிருந்து கடைசியாக ஒரு பத்திரிகையை எடுத்து அவர் கையிலேயே கொடுத்தார். ஐயாவின் மகளுக்கு அதே மண்டபத்தில்தான் கல்யாணம். பெண் வீட்டுப் பத்திரிகையில் மண்டபத்தின் பெயர் மட்டும் இருந்தது. இது ஈரோட்டு மாப்பிள்ளை வீட்டார் தங்கள் பங்குக்கு அடித்தது, அதில் தங்க எழுத்து வரி இருந்தது. பாதி ஊருக்கு வைத்தும் ஆகிவிட்டது. கண்ணாடியைப் போட்டுப் படித்தார், கழற்றிவிட்டுப் படித்தார். கமிட்டியில் ஒருவர், "சம்பந்திகிட்டச் சொல்லி வேற அடிக்கச் சொன்னா..." என்று ஆரம்பித்தார். ஐயா எழுந்தே விட்டார். உங்கள் பத்திரிகை தப்பு என்று சம்பந்தியிடம் போய்ச் சொல்கிற அப்பன் கொங்கு நாட்டில் இன்னும் பிறக்கவில்லை. மேசையைத் தட்டிச் சொன்னார்: "சம்பந்தி ஊட்டுப் பத்திரிகைல ஏறிட்டாங்க! இனி அவங்க மேல எவனாச்சும் கைய வெச்சீங்கன்னா நான் பொல்லாதவனாயிருவேனுங்க!"

மூன்று டம்ளர் மோர்

கல்யாணத்துக்கு என்னையும் கனகராஜ் அண்ணனையும் செல்வி அக்காவையும் வீட்டுக்கே வந்து அழைத்திருந்தார் ஐயா. முகூர்த்தம் முடிந்தது, பந்தி முடிந்தது. இலை எடுத்து, தாம்பூலப் பை கொடுத்து, சீர்த் தட்டு எண்ணி, சம்பந்தி வீட்டு மனுஷர்களைக் காரில் ஏற்றி அனுப்புகிற வரைக்கும் ஓடிக்கொண்டே இருந்தவர் ஐயாவின் மனைவி ருக்மணி அம்மா. கடைசிக் கார் கிளம்பியதும் மண்டப வாசலில் ஒரு நிமிஷம் நின்றார். உள்ளே போனால் யாராவது ஏதாவது கேட்பார்கள் என்று தோன்றியிருக்க வேண்டும். பட்டுச்சேலைக் கொசுவத்தைத் தூக்கிச் செருகினார். விறுவிறுவென்று ரோட்டைத் தாண்டினார். ரவுண்டானாவில் ஏறி, சிலையின் நிழலில், அதன் முழங்காலுக்குப் பக்கத்தில் 'அப்பாடா' என்று உட்கார்ந்து, இரண்டு காலையும் நீட்டினார்.

நானும் நாச்சிமுத்து ஐயாவும் வாசலில் நின்றுகொண்டிருந்தோம். நாலு பக்கமும் வண்டி போகிறது. ஐயா சிலையின் காலைப் பார்த்தார், சம்சாரத்தின் காலைப் பார்த்தார், அப்புறம் என்னைப் பார்த்தார். அவர் சொன்னதை அவருக்கே திருப்பிச் சொல்ல வேண்டும் என்று நாக்கு துடித்தது, பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். செல்வி அக்காவும் போய் அந்தம்மா பக்கத்தில் உட்கார்ந்தார். கையில் அவரைக்காய், ஊசி ஒன்றும் இல்லை. நிஜமாகவே சும்மா உட்கார்ந்தார். என் வாழ்க்கையில் எனக்கு ஆயிரம் பேர் கைதட்டியிருந்தாலும் அந்த ஆறு கால்களும் வரிசையாக நீண்டிருந்ததைப் பார்த்த சந்தோஷம் வந்திருக்காது. ருக்மணி அம்மா முழங்காலைப் பிடித்துவிட்டுக்கொண்டே தலையைத் தூக்கினார். எங்களைப் பார்த்தார். ரோட்டுக்கு அந்தப் பக்கத்திலிருந்து, பஸ் சத்தத்தையும் மீறிக் கூப்பிட்டார்: "ஏனுங்க, நின்னுட்டு என்ன பாக்கறீங்க? எங்க மூணு பேர்த்துக்கும் மோர் கொண்டாங்க!"

ஐயா மூன்று டம்ளர் மோரோடு ரோட்டைத் தாண்டிக்கொண்டிருந்தபோது ஈரோட்டிலிருந்து மண்டிக்காரர்கள் போன் செய்து, "அம்மணி, அந்தச் சிலை நிக்குமுங்களா?" என்று மறுபடியும் கேட்டார்கள், நானும் உள்ளதைச் சொன்னேன்: நிக்காதுங்க, காலை நீட்டி நல்லாத் தாராளமா உக்காந்திருக்கும்.